நேர்வழியும் நல்வழியும்



இம்மாதம் ஒரு விளையாட்டைப் பற்றிச் சிந்திப்போம். கோல்ஃப் என்ற பெயரைக் கேட்டவுடனே, "அது செல்வர்களின் பொழுதுபோக்கு, நமக்கு அதனால் ஆவது என்ன?" என்று நம்மில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றே பொறுத்தருள்க. ஒரு சிறு வெண்பந்தை மட்டையால் அடித்துத் தொலைவிலுள்ள குழியில் விழச் செய்வது கைவலிமைக்குரிய வேலையாகவே தோன்றும். உண்மையில் அங்கே முதலில் வெல்வதும் தோற்பதும் எண்ணமே ஆகும். பந்தை எவ்வளவு தூரம் அடிப்பது என்பதைவிட, அதனை எங்கே விழச் செய்வது என்பது பெரிது. எங்கே விழவே கூடாது என்பது அதனினும் பெரிது.

இவ்வுண்மையை உலகிலுள்ள எத்திடலையும்விடத் தெளிவாகக் கற்பிப்பது ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிற்றூரில் உள்ள பழைய திடல். 'ஓல்டு கோர்ஸ்' என்று அதனை அழைப்பர். அத்திடலின் சில குழிகளை நாமும் மனத்தால் நடந்து பார்ப்போம்.

பெலவேந்திரரின் பெயரால் ஓர் ஊர்

ஆண்ட்ரூ என்பவர் வேறு யாருமல்லர். புனித பேதுருவின் உடன்பிறந்தவரும், மீனவராய் இருந்து திருத்தூதரானவருமான அந்திரேயாவே அவர். நம் ஊர்களில் பெலவேந்திரர் என்று முன்னோர் வணங்கிய அதே புனிதர். அவர் பெயர் தாங்கிய அவ்வூரில் 1318-ஆம் ஆண்டு மன்னர் இராபர்ட் புரூஸ் முன்னிலையில் நேர்ந்தளிக்கப்பட்ட பேராலயம் ஒன்று இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் சமயக் குழப்பங்களில் அது பாழ்பட்டது. அதன் இடிந்த சுவர்கள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன.

அவ்வூரின் கோல்ஃப் வரலாற்றில் ஒரு பேராயருக்கும் பங்கு உண்டு. கடலோரப் புல்வெளியில் ஊர்மக்கள் கோல்ஃப் முதலிய விளையாட்டுகளை ஆடுவதற்குரிய உரிமையை, 1552-ஆம் ஆண்டில் பேராயர் ஜான் ஹாமில்டன் வழங்கிய சாசனம் உறுதிப்படுத்தியது. ஆகவே அது செல்வந்தர் வேலியிட்டுக் காத்த நிலமன்று, ஊர்ப் பொதுநிலம். இன்றுங்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பொதுவாக ஆட்டம் நடைபெறுவதில்லை. ஓப்பன் போன்ற பெரும் போட்டிகளின்போது மட்டும் விலக்கு உண்டு. மற்ற ஞாயிறுகளில் ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புல்வெளியில் உலாவுகின்றனர்.

கோல்ஃப் ஆட்டத்திற்கு 18 குழிகள் என்ற கணக்கும் அங்கேயே பிறந்தது. முன்னர் அங்கு ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆடப்பட்டன. 1764-இல் தொடக்கத்திலிருந்த நான்கு சிறு குழிகளை இரண்டாக இணைத்தனர். அவற்றைப் போகும்போதும் வரும்போதும் ஆடியமையால் 22 என்பது 18 ஆயிற்று. பிற்காலத்தில் உலகமே அவ்வெண்ணை ஏற்றுக்கொண்டது.

ஆட்டம் அறியாதார்க்கு ஒரு சொல்

ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க மேடை உண்டு. அங்கிருந்து பந்தை அடித்துப் புல்பாதையில் விழச் செய்து, அடுத்த அடியிலோ அதற்கடுத்த அடியிலோ 'கிரீன்' எனப்படும் ஒட்டக் கத்தரித்த புல்தளத்தை எட்டவேண்டும். கிரீனில் கொடி நாட்டிய குழி இருக்கும். அதனுள் பந்தை மெல்ல உருட்டி விழச் செய்யவேண்டும். திறமை மிக்க ஒருவர் ஒரு குழியை முடிக்க எத்தனை அடிகள் எடுப்பார் என்ற கணக்குக்குப் 'பார்' என்று பெயர். அது மூன்றாகவோ, நான்காகவோ, ஐந்தாகவோ இருக்கும். 18 குழிகளிலும் குறைந்த அடிகளில் முடித்தவரே வெற்றியாளர்.

வழியில் தடைகள் உண்டு. நெடும்புல், முட்புதர், ஓடை, மணற்பள்ளம் ஆகியவை அவை. பழைய திடலில் 112 மணற்பள்ளங்கள் உள்ளன என்பது கணக்கு. அவற்றுள் பல, சுவர்போல் நிமிர்ந்த புற்கரையை உடையவை. பந்து அக்கரையின் கீழ் ஒட்டிக் கிடந்தால், முன்னோக்கி அடிக்கவே இயலாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அடித்து வெளியேற வேண்டியிருக்கும். அதாவது, ஓர் அடி முழுவதும் வீண். திடலின் எல்லைக்கு வெளியே பந்து போனாலோ, தண்டமாக ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டு அடித்த இடத்திலிருந்தே மீண்டும் அடிக்கவேண்டும்.

இடப்புறம் அகலம், வலப்புறம் ஆதாயம்

பழைய திடலை மேலிருந்து நோக்கினால் ஆட்டிடையன் கோலைப் போன்று தோன்றும். ஊரிலிருந்து கழிமுகத்தை நோக்கி நீண்டு சென்று, முனையில் வளைந்து, போன வழியை ஒட்டியே ஊருக்குத் திரும்பும். முற்காலத்தில் ஒரே ஒடுங்கிய பாதையிலேயே போயும் வந்தும் ஆடினர். 19-ஆம் நூற்றாண்டில் புதர்களை வெட்டிப் பாதையை அகலப்படுத்தினர். கிரீன்களையும் விரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகளை வைத்தனர். இன்று அங்கே ஏழு இரட்டைக் கிரீன்கள் உள்ளன. இரண்டாம் குழியும் பதினாறாம் குழியும் ஒரே தளம். மூன்றும் பதினைந்தும் ஒரே தளம். ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்! ஒன்று, ஒன்பது, பதினேழு, பதினெட்டு ஆகிய நான்கு குழிகளுக்கு மட்டுமே தனித்தளம்.

இவ்வமைப்பில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் அடங்கியுள்ளது. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, ஆட்டக்காரரின் இடக்கைப் புறத்தில் இருப்பது அடுத்த குழியின் அகன்ற புல்பாதையே. வலக்கைப் புறத்திலோ முட்புதரும் சுவரும் எல்லைக்கோடும் காத்திருக்கின்றன. எனவே ஐயம் தோன்றினால் இடப்புறம் அடி என்பது அங்கே தலைமுறைகள் வழிவந்த அறிவுரை.

அகன்ற வழியை ஐயத்தோடு நோக்கப் பழகியவர்கள் நாம். அவ்வையம் இங்கும் முற்றிலும் தவறன்று. இடப்புறம் அடித்தவருக்கு முதல் அடியில் இடர் இல்லை. ஆனால் அதற்குரிய விலையை இரண்டாம் அடியில் அவர் செலுத்தவேண்டும். பெரும்பாலான குழிகளில், இடப்புறத்திலிருந்து கிரீனை நோக்கும்போது நடுவே ஒரு மணற்பள்ளமோ மேடோ குறுக்கிடும். ஆபத்தை ஒட்டி வலப்புறம் துணிந்து அடித்தவருக்கோ கிரீன் வாயில் திறந்ததுபோல் காட்சி தரும். முதலில் துணிந்தவருக்குப் பின்னர் எளிமை. முதலில் எளிமையைத் தேடியவருக்குப் பின்னர் துன்பம். இரண்டில் எது தக்கது என்பதை அன்றைய காற்றும், கொடி நாட்டிய இடமும், அவரவர் கைத்திறனும் முடிவு செய்யவேண்டும்.

அதனால், கற்றவர்கள் ஒரு குழியைத் தொடக்க மேடையிலிருந்து எண்ணத் தொடங்குவதில்லை. கொடியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். 'கொடி எங்கே உள்ளது? அதனை எப்பக்கத்திலிருந்து அணுகுவது எளிது? அப்பக்கத்தை அடைய முதல் அடி எங்கே விழவேண்டும்?' என்பதே அவர்கள் வினவும் வரிசை.

முதற்குழியும் மறைந்த பள்ளங்களும்

முதற்குழியைப் பாருங்கள். தூரம் ஏறத்தாழ 375 கஜம், பார் நான்கு. பதினெட்டாம் குழியோடு சேர்ந்து அகன்று விரிந்த புல்வெளி. ஒரு மணற்பள்ளம்கூடக் கிடையாது. உலகிலேயே எளிய தொடக்கம் இதுதானோ என்று புதியவர் மகிழ்வார். ஆனால் கிரீனுக்கு முன்னால், அதன் விளிம்பை ஒட்டியே, ஸ்வில்கன் என்னும் சிற்றோடை ஓடுகிறது. கொடியை ஓடைக்கு மிக அருகே நாட்டிவிட்டால், கொடியின் மேல் கண்வைத்து அடிப்பவரின் பந்து சற்றே குறைந்தாலும் நீரில் விழும். அறிந்தவர் கொடியை மறந்துவிடுகிறார். தேவைக்குச் சற்று மிகுதியாகவே அடித்து, கொடியைக் கடந்து கிரீனின் பின்புறத்தில் பந்தை நிறுத்துகிறார். அங்கிருந்து நெடுந்தூரம் உருட்டி வரவேண்டியிருக்கும் என்பது உண்மையே. எனினும் இரண்டு உருட்டலில் நான்கு அடிக்கணக்கு நிறைவேறும். நீரில் விழுந்தவர் ஆறு எழுதிக்கொண்டு இரண்டாம் குழிக்கு நடப்பார்.

திரும்பி வரும் வழியில் உள்ள பன்னிரண்டாம் குழி வேறொரு பாடம். தொடக்க மேடையில் நின்று நோக்கினால் தடையே இல்லாத வெளியாகத் தெரியும். நேராக அடித்த பந்து எங்கோ மறைந்துவிடும். நடந்து சென்று பார்த்தால், பாதை நடுவிலேயே மணற்பள்ளங்கள் வாய் திறந்து கிடக்கும். கிரீனை அடைந்து திரும்பி நோக்கும்போதுதான் அவை அனைத்தும் கண்ணுக்குப் புலப்படும். காரணம் என்ன? முற்காலத்தில் அத்திடலை எதிர்த்திசையில், கடிகார முள் சுற்றும் போக்கில் ஆடி வந்தனர். அப்படி வந்தவர்களுக்கு அப்பள்ளங்கள் கண்முன் தெரிந்தன. திசை மாறிற்று, பள்ளங்கள் மாறவில்லை. எனவே இக்குழியில் கண்ணை நம்புவதைவிட, முன்னரே நடந்தறிந்தவரின் சொல்லை நம்புவதே அறிவுடைமை. மட்டைப்பையைச் சுமந்துவரும் உள்ளூர்த் துணைவரின் சொல்லுக்கு அங்கே அத்தனை மதிப்பு இருப்பது இதனால்தான்.

பதினொன்றாம் குழியில் ஓர் இளைஞர்

பதினொன்றாம் குழியின் தூரம் 174 கஜமே. பார் மூன்று. ஒரே அடியில் கிரீனை எட்டவேண்டும். கிரீனின் பின்னே ஏடன் கழிமுகம். முன்புறத்தில் 'ஸ்ட்ராத்' என்ற பள்ளம். இடப்புறத்தில் 'ஹில்' என்ற ஆழ்ந்த பள்ளம். கிரீனோ பின்னிருந்து முன்னோக்கிச் செங்குத்தாய்ச் சரிகிறது. பள்ளத்திற்கு அஞ்சி மிகையாக அடித்தால், பந்து கொடியைத் தாண்டி மேட்டில் நிற்கும். அங்கிருந்து கீழ்நோக்கி மெல்லத் தொட்டாலும் கிரீனைவிட்டே ஓடிவிடக்கூடும். ஆகவே கொடி எங்கிருந்தாலும் கிரீனின் நடுப்பகுதியை நாடி, கொடிக்குக் கீழே பந்தை நிறுத்துவதே இங்கே நன்று. கழிமுகக் காற்று முகத்தில் அறையும் நாட்களில் அதுவும் எளிதன்று.

1921-ஆம் ஆண்டு, ஓப்பன் போட்டியின் மூன்றாம் சுற்றில், பாபி ஜோன்ஸ் என்னும் 19 வயது அமெரிக்க இளைஞர் இக்குழிக்கு வந்தார். அன்று ஏற்கெனவே பல அடிகளை இழந்து மனம் கொதித்திருந்தார். இங்கும் மணற்பள்ளத்தில் சிக்கினார். ஓரளவுக்கு மேல் பொறுக்க இயலாமல், பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு போட்டியைக் கைவிட்டார். அச்செயலுக்காகப் பின்னாளில் மிகவும் நாணினார். அதனோடு அவர் கதை முடிந்திருந்தால் நாம் இன்று அவர் பெயரை எழுத நேர்ந்திராது. திடலை வெறுத்த அவர் மீண்டும் வந்தார். அதன் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பொறுமையோடு கற்றார். 1927-இல் அங்கேயே ஓப்பன் பட்டத்தை வென்றார். 1930-இல் அங்கேயே பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் பெற்றார். 1958-இல் அவ்வூர் தன் நகர உரிமையை வழங்கி அவரைத் தன் குடிமக்களுள் ஒருவராக்கிக்கொண்டது. பத்தாம் குழி இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

'நரகம்' என்றொரு பள்ளம்

பதினான்காம் குழி மிக நீண்டது. ஓப்பன் போட்டிகளில் 600 கஜத்துக்கும் மேற்பட்ட தூரத்தில் அதனை அமைக்கின்றனர். பார் ஐந்து. இங்குள்ள இடப்பெயர்கள் நம் கவனத்தை ஈர்ப்பவை. முதல் அடி விழவேண்டிய சமவெளிக்கு 'எலிசியப் புல்வெளி' என்று பெயர். நல்லோர் இறந்தபின் சேரும் இன்பநிலம் என்று பண்டைக் கிரேக்கர் பாடிய இடத்தின் பெயர் அது. அதற்கு அப்பால், கிரீனுக்குச் சுமார் 100 கஜம் முன்பாக, ஆள் உயரத்தையும் மிஞ்சிய ஆழமுடைய பெரும் மணற்பள்ளம் ஒன்று கிடக்கிறது. அதற்கு 'நரகம்' என்று பெயர்.

இன்பநிலத்தை அடைவதும் எளிதன்று. வலப்புறம் கற்சுவர், அதனைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே. இடப்புறம் 'பியர்டீஸ்' எனப்படும் கொடிய சிறு பள்ளங்கள். இரண்டுக்கும் இடையே விழுந்தவருக்கு முன்னே மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, நரகத்தின் மேலாகவே பறக்க அடிப்பது. நல்ல இடத்திலிருந்து, காற்று பின்னிருந்து வீசும்போது, கைவலிமை உடையவருக்கு மட்டும் உரிய வழி. இரண்டு, நரகத்துக்கு முன்பே பந்தை நிறுத்திக்கொண்டு, மூன்றாம் அடியை நெடுந்தூரத்திலிருந்து அடிப்பது. மூன்று, இடப்புறம் திரும்பி ஐந்தாம் குழியின் புல்பாதைக்கே சென்று, சுற்றுவழியாகக் கிரீனை அணுகுவது. மூன்றாம் வழி பார்வைக்குப் பின்வாங்குவது போலத் தோன்றும். ஆயினும் அங்கிருந்து கிரீனை நோக்கி அடிக்கும் அடி தெளிவானது. பலருக்கு ஐந்து அடிகளில் முடிக்க வாய்ப்புத் தருவதும் அதுவே.

பழைய திடலில் 1970-இலும் 1978-இலும் ஓப்பன் பட்டத்தை வென்றவர் ஜாக் நிக்லாஸ். அத்திடலை அவரைவிட அறிந்தவர் சிலரே. அத்தகையவரும் 1995-ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் நரகத்தில் விழுந்தார். வெளியேற நான்கு அடிகள் ஆயின. அக்குழியில் அவர் எழுதிய எண் 10. அனுபவம் மிக்கவருக்கும் அப்பள்ளம் கருணை காட்டுவதில்லை.

வீதியை ஒட்டிய குழி

இவ்வாறு நடந்து பதினேழாம் குழிக்கு வந்து சேர்கிறோம். 'ரோடு ஹோல்', அதாவது சாலைக்குழி என்பது இதன் பெயர். போட்டிகளில் 495 கஜம், பார் நான்கு. உலகின் கடினமான குழிகளுள் ஒன்று என்று இதனை ஆட்டக்காரர்கள் ஒருமுகமாகக் கூறுகின்றனர். இதுவரை நாம் கண்ட பாடங்கள் அனைத்தும் இங்கே ஒன்று சேர்ந்து காத்திருக்கின்றன.

தொடக்க மேடையின் முன்னே வலப்புறத்தில் ஒரு கொட்டகையும், அதனை அடுத்து ஓர் உணவுவிடுதியும் குறுக்கிடுகின்றன. அக்கொட்டகைக்கு மேலாகவே பந்தைப் பறக்கவிட வேண்டும்; விழும் இடம் கண்ணுக்குத் தெரியாது. வலமாய் மிகுந்தால் எல்லைக்கு வெளியே. அஞ்சி இடமாய் அடித்தால் நெடும்புல். அங்கிருந்து கிரீனை நோக்கினால் 'ரோடு பங்கர்' என்ற ஆழ்ந்த மணற்பள்ளம் நடுவே நிற்கும். கிரீனோ குறுகியது, சாய்வாக, ஓரமாய்த் திரும்பிக் கிடப்பது. முன்புறம் பள்ளம், பின்புறம் சரிந்து சாலை, சாலைக்கு அப்பால் கற்சுவர். பந்து சாலையில் நின்றால் சாலையிலிருந்தே அடிக்கவேண்டும். எவ்விதச் சலுகையும் இல்லை.

எனவே இங்கே நன்கு கற்றவர் கொடியை நோக்கிப் பாய்வதில்லை. கிரீனின் முன்வலப்புற வாயிலை நோக்கிப் பந்தைத் தரையோடு ஓடவிட்டு, முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார். அங்கிருந்து உருட்டி நான்கில் முடிந்தால் மகிழ்ச்சி. ஐந்து ஆனாலும் வருத்தமில்லை. இக்குழியில் ஐந்து என்பது தோல்வியன்று. ஐந்தை ஏற்க மனமில்லாதவரே ஏழும் எட்டும் எழுதியிருக்கின்றனர்.

1978-இல் ஜப்பானியரான டாமி நகஜிமா முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவர். மூன்றாம் சுற்றில் இக்குழியில் இரண்டே அடிகளில் கிரீனை எட்டிவிட்டார். அங்கிருந்து கொடியை நோக்கி உருட்டிய பந்து சரிவில் திரும்பி, ரோடு பங்கரிலேயே போய் விழுந்தது. அதிலிருந்து வெளியேற நான்கு அடிகள். எழுதிய எண் 9. கிரீனை அடைந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்ற எண்ணமும் இங்கே செல்லாது.

1984-இல் டாம் வாட்சன் தம் ஆறாவது ஓப்பன் பட்டத்தை நாடி நின்றார். ஸ்பெயின் நாட்டு செவ் பாயஸ்டெரோஸும் அவரும் சம நிலையில் இருந்தனர். பதினேழில் வாட்சனின் இரண்டாம் அடி கிரீனைக் கடந்து, சாலையையும் தாண்டிச் சுவரருகே போய் நின்றது. அவருக்கு ஐந்து. அதே வேளையில் முன்னே பதினெட்டாம் குழியில் பாயஸ்டெரோஸ் மூன்றில் முடித்தார். இரண்டு அடி வேறுபாட்டில் பட்டம் அவருடையதாயிற்று. வாட்சனுக்கு ஆறாவது பட்டம் என்றுமே கிட்டவில்லை.

2022-ஆம் ஆண்டு நடந்த 150-ஆவது ஓப்பன் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. இறுதி நாளில் ஆஸ்திரேலியரான கேமரன் ஸ்மித், பத்து முதல் பதினான்கு வரையிலான ஐந்து குழிகளிலும் தொடர்ந்து பாரைவிட ஓர் அடி குறைத்து முன்னேறினார். பதினேழில் அவருடைய இரண்டாம் அடி கிரீனுக்கு எட்டாமல் இடப்புறத்தில் நின்றது. அவருக்கும் கொடிக்கும் நடுவே ரோடு பங்கர். பள்ளத்தின் மேலாகப் பந்தைத் தூக்கி அடிப்பதே நேர்வழி. அவர் அதனைச் செய்யவில்லை. உருட்டும் மட்டையை எடுத்தார். பள்ளத்தின் விளிம்பைச் சுற்றிச் சரிவின்மேல் பந்தை உருட்டிவிட்டார். அது கொடிக்குச் சில கஜ தூரத்தில் நின்றது. அடுத்த உருட்டலில் நான்கை எழுதிக்கொண்டு நடந்தார். பதினெட்டிலும் ஓர் அடி குறைத்து, அன்றைய சுற்றை 64-இல் முடித்துப் பட்டத்தை வென்றார்.

அதே நாளில், அவரைவிட நான்கு அடி முன்னணியில் தொடங்கிய ரோரி மெக்கில்ராய் 18 கிரீன்களையும் உரிய கணக்கில் எட்டினார். ஒரு தவறும் செய்தார் என்று சொல்ல இயலாது. ஆனால் ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு உருட்டல்; 70-இல் முடித்து மூன்றாம் இடம் பெற்றார். எப்போதும் காப்பாகவே ஆடுவது அறிவுடைமை என்று யாரேனும் எண்ணினால், அவ்வெண்ணத்தையும் பழைய திடல் திருத்திவிடும். ஸ்மித் ஐந்து குழிகளில் துணிந்தார். ஒரு குழியில் பணிந்தார். எங்கே துணிவது, எங்கே பணிவது என்று அறிந்ததே அவருடைய வெற்றி.

கடைசிக் குழியின் கடைசி உருட்டல்

பதினெட்டாம் குழி ஊருக்குள்ளேயே வந்து முடிகிறது. இடர் அதிகம் இல்லை. கிரீனின் முன்னே மட்டும் ஒரு தாழ்வு உள்ளது. அதற்குப் 'பாவப் பள்ளத்தாக்கு' என்று பெயரிட்டுள்ளனர்! எட்டாமல் விழுந்த பந்து அத்தாழ்வில் உருண்டு வந்து நிற்கும்.

1970-இல் டக் சாண்டர்ஸ் என்பவர் இக்குழியை நான்கில் முடித்தால் ஓப்பன் பட்டம் அவருக்கே என்ற நிலையில் வந்தார். அதற்கு முந்தைய பதினேழில், ரோடு பங்கரிலேயே விழுந்தும், அருமையாய் அடித்து வெளியேறித் தப்பியிருந்தார். இங்கே தாழ்வைக் கண்டு எச்சரிக்கையாகி, கொடியைக் கடந்து வெகுதூரம் அடித்துவிட்டார். முதல் உருட்டல் குறைந்தது. எஞ்சியது ஒரு கஜத்துக்கும் குறைந்த தூரம். அதனையும் தவறவிட்டார். மறுநாள் நடந்த முடிவாட்டத்தில் நிக்லாஸ் 72, சாண்டர்ஸ் 73. பெரும் பள்ளத்திலிருந்து மீண்ட கை, சமதரையில் ஒரு கஜத்தில் நடுங்கிற்று. தம் வாழ்நாளில் ஓப்பன் பட்டம் ஒன்றையும் அவர் பெறவில்லை.

எண்ணிப் பார்த்தால்

2000-ஆம் ஆண்டில் டைகர் வுட்ஸ் இதே திடலில் ஓப்பன் பட்டத்தை எட்டு அடி வேறுபாட்டில் வென்றார். அன்று அவரைவிட வலிமையோடு அடிப்பவர் அரியர். அவ்வெற்றியை நினைவுகூர்வோர் அவருடைய வலிமையை முதலில் கூறுவதில்லை. நான்கு நாட்கள், 72 குழிகள், 112 மணற்பள்ளங்கள்; அவற்றுள் ஒன்றிலேனும் அவர் பந்து விழவில்லை என்பதையே வியந்து கூறுகின்றனர். எல்லாரையும்விட வலியவர், எல்லாரையும்விட எச்சரிக்கையாக வழியைத் தேர்ந்துகொண்டார்.

பழைய திடலின் பள்ளங்கள் எவருக்கும் மறைக்கப்பட்டவையல்ல. அவற்றின் பெயர்கள் அச்சிட்ட படத்திலேயே உள்ளன. அவற்றைக் கண்டறிந்த பின்னும் அவற்றில் விழுபவர்கள், பெரும்பாலும் ஓர் அடியைச் சேமிக்க விரும்பியே விழுகின்றனர். ஓர் அடியை விட்டுக்கொடுத்திருந்தால் ஐந்து. விட மனமில்லாமையால் எட்டு. விழுந்த பின்னரும் பக்கவாட்டில் ஒருமுறை அடித்து வெளியேறினால் போதும். அதற்கும் மனமின்றி, கொடியை நோக்கியே மீண்டும் மீண்டும் கரையில் மோதுபவர் நால்வருள் மூவர் இருப்பர் போலும்!

தம் திறமைக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்று அளந்துகொள்பவருக்கு அத்திடல் அகன்ற நிலம். அளவறியாதவருக்கு அதுவே 112 பள்ளங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊராரோ, ஆறு நாட்கள் அப்பள்ளங்களோடு போராடிவிட்டு, ஞாயிறன்று அவற்றின் ஓரமாகவே குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றனர். மட்டை கையில் இல்லாத அந்நாளில், நரகம் என்று பெயர் பெற்ற பள்ளமும் குழந்தைகள் எட்டிப் பார்த்துவிட்டுச் செல்லும் ஒரு மணற்குழியாகிவிடுகிறது.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.